பன்னிரண்டாம் எண் வண்டி

இராயபுரம்
11.7.2025

சேசு, மரி, சூசை துணை.

தம்பி ஜெரிக்கு அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது.

ஃப்ரெடி இறந்து இன்றோடு இருபத்தாறு நாள். ஜூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், உன் மலையில் கோரையாற்று இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்தான். பதினேழாம் தேதி காசிமேட்டுக் கல்லறையில் வைத்தோம். பத்தொன்பதாம் தேதி நீ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாய். உன் ஊரில் டவர் கிடையாது, தெரியும். முன்பெல்லாம் சனிக்கிழமை போளூருக்கு இறங்கி வந்து போன் செய்வாய். இப்போது அதுவும் இல்லை. ஆகவே கடிதம். முப்பது வருஷத்துக்குப் பிறகு இன்லண்டு லெட்டர் வாங்கினேன். தபாலாபீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சுகமா என்று கேட்டுத் தொடங்குவது முறை. இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

ஹெப்சிபா இன்னும் பனைமரத்தொட்டியில் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று நானும் உன் அண்ணி ஜானட்டும் போய்ப் பார்த்தோம். "ஒரு வாய் சாப்டும்மா" என்றாள் உன் அண்ணி. அதற்கு உன் பெண்டாட்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. "எண்ணூர் காத்துல புள்ளைக்கு இழுப்பு, மலைக்குப் போனா மூச்சு வுடுவான்னு இட்டுகினு போனாரு. மூச்சையே நிறுத்தி அனுப்சிட்டாரு. அந்த ரூட்ட போட்டது யாரு? உன் கொழுந்தனாருதானே அக்கா?"

வாங்கிப் போன வஞ்சிர மீனை அடுப்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பதினைந்தாம் தேதி மாலை கோயிலில் அவனுக்காகப் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். வந்தால் நல்லது. வராவிட்டாலும் நடக்கும்.

இன்னொன்று. உடைந்த அந்த வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்காதே. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. சாமை ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரியில் போட்டு அனுப்பு. இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்டானிஸ்லாஸ்


வேங்கைமரத்தூர், ஜவ்வாது மலை
2.8.2025

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஜெரியின் வணக்கம்.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே. நான் உயிரோடு இருக்கிறேன்.

பூசைக்கு வர முடியவில்லை. வாசலில் தொங்கிய சைக்கிள் வாடகை போர்டைக் கழற்றிவிட்டேன். பெங்களூரிலிருந்து ஆறு பேர் நான் போட்ட மூன்று சைக்கிள் வழிகளையும் ஓட்டுவதற்காக வந்திருந்தார்கள். இல்லை என்று திருப்பி அனுப்பினேன்.

நீ கோரையாற்று இறக்கத்தை ஜீப்பில் ஒரு தடவை பார்த்திருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தாய், ஆகவே எழுதுகிறேன். பதினொரு கிலோமீட்டர். முதல் மூன்று வளைவு வரை பொடி ஜல்லி, குழந்தைகூட இறங்கும். நான்காவதிலிருந்து கை முஷ்டி அளவு கல். ஒன்றும் பதிந்து கிடக்காது, சக்கரம் ஏறினால் உருளும். கைப்பிடியை இறுக்கினால் கல் உன்னை இழுத்துக்கொண்டு போகும், தளர்த்திப் பிடித்தால் வண்டி தானே வழி கண்டுபிடிக்கும். ஏழாவது வளைவு முடிந்ததும் ஒரு முழ உயரத்துக்குப் பாறைப் படி. ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அங்கே இறங்கி வண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அதற்கு வெட்கப்படக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஃப்ரெடி அந்தப் படியில் இருநூறு தடவையாவது இறங்கியிருப்பான். அன்றைக்கு நான் அவனுக்கு இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். வெயில் நன்றாக வந்துவிட்டது, கல் காய்ந்து கிடந்தது. வழக்கம்போல முன்சக்கரத்தை லேசாகத் தூக்கினான். சரியாகத்தான் இறங்கினான். இறங்கிய பிறகுதான் விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். முறிந்தது கழுத்து.

வண்டியை அனுப்ப மாட்டேன்.

அது பன்னிரண்டாம் எண். பிப்ரவரியில் நீ அனுப்பிய பன்னிரண்டில் அதுதான் புத்தம் புதிது மாதிரி மின்னியது. மற்றவற்றில் பழைய பெயிண்ட், அங்கங்கே கீறல். "பெரியப்பா எனக்காவே பாலிஷ் போட்டு அனுப்சிருக்காரு நைனா" என்று சொல்லி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

அது எந்த ஏல லாட்டில் வந்தது? எழுது.

ஹெப்சிபா தூங்குகிறாளா என்று அண்ணியைக் கேட்டு எழுதவும்.

ஜெரி


இராயபுரம்
9.8.2025

தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும் என்றிருந்தது. சர்க்கரை இருநூற்றுப் பத்து. டாக்டர் திட்டினார். அது கிடக்கட்டும்.

எந்த லாட் என்று கேட்டிருக்கிறாய். துறைமுகத்தில் யாரும் எடுக்காமல் கிடக்கும் கண்டெய்னரை ஏலம் விடுகிறார்கள், நான் எடுக்கிறேன். ஒன்றில் தையல் மிஷின், ஒன்றில் குளியலறைக் குழாய், ஒன்றில் சைக்கிள். வருஷத்துக்கு இருபது லாட். எதில் எது வந்தது என்று யார் நினைவு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? நீயும் இந்தக் கடையில் பதினாறு வருஷம் நின்றவன், உனக்குத் தெரியாதா?

நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. அந்த வழி மனுஷன் போகிற வழியே இல்லை. பிள்ளை பெரிய மலை ஓட்டக்காரன்தான். ஊருக்கு வந்தால் அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல் கரை மேல் ஏறி, நிலக்கரி லாரி ரோட்டில் முகமெல்லாம் கறுத்துப் போய் வருவான், "இங்க இதான் பெரியப்பா நம்ம மலை" என்பான். ஆனால் கல் கல்தான். காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். விதி என்று விடு. யாரையும் குற்றம் சொல்லாதே, உன்னையும் சொல்லிக்கொள்ளாதே.

ஹெப்சிபா தூங்குவதில்லையாம். காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் சேர்ந்துவிட்டாள். காலையில் ஐஸில் கையை விட்டால் சாயங்காலம்தான் எடுக்கிறாள். "மரத்துப் பூடுது மாமா, அதான் வேணும் எனக்கு" என்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் மீனோ கறியோ வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன். உன்னைப் பற்றி நான் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

வண்டியைப் பற்றி நீ பிடிவாதம் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உடைந்த ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்? லாரி வேண்டாம், நானே இங்கிருந்து மினி ட்ரக் அனுப்புகிறேன். கொடுத்துவிடு.

மலைக்காற்று ஈரம். தலையில் துண்டு கட்டிக்கொள்.

அண்ணன்


வேங்கைமரத்தூர்
30.8.2025

அண்ணே,

அண்ணி, நீ, வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. தபால்காரர் வாரம் ஒரு தடவைதான் ஏறுகிறார்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை. ஏட்டு வந்து வண்டியைப் பார்த்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் வலது கால் இரண்டாகக் கிடந்தது. "வுழுந்த வேகத்துல ஒடஞ்சிருக்கு, இன்னா சார்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். கரடுமுரடான பாதையில் சறுக்கி விழுந்து மரணம் என்று எழுதினார். பாதை அமைத்தவர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு என் பின்னால் வந்துகொண்டிருந்த சேலத்துக்காரர் ஒருவர் போன வாரம் இங்கே வந்தார். பாவம், அவருக்கும் தூக்கம் இல்லையாம். ஒன்று கேட்டார். "முதல்ல உடையற சத்தம் கேட்டுச்சா, முதல்ல விழுந்தாரா?" எனக்கு நினைவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

டோல்கேட் கடையில் நான் முதல் நாள் வேலைக்கு நின்றபோது என் கையில் பத்தாம் நம்பர் ஸ்பானரைக் கொடுத்தாய். "தட்டுடா. சரக்கு தானா பேசும்" என்றாய். ஃப்ரேம், ஃபோர்க், ரிம் எல்லாவற்றையும் தட்டிக் காட்டினாய். அதற்குப் பிறகு தட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியும் அந்தக் கடையிலிருந்து வெளியே போனதை நான் பார்த்ததில்லை.

அந்தப் பன்னிரண்டையும் தட்டிப் பார்த்தாயா? எந்த லாட் என்று திரும்பவும் கேட்கிறேன்.

மாத்திரை மறக்காதே.

ஜெரி


இராயபுரம்
7.9.2025

ஜெரிக்கு,

என்ன, விசாரணையா? கொடுத்தவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாயா? முப்பத்தைந்து வருஷமாக வியாபாரம் செய்கிறேன். ஸ்டானிஸ்லாஸ் கொடுத்த சரக்கு சரியில்லை என்று டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒருத்தனைச் சொல்லச் சொல், பார்க்கலாம்.

எழுதிய பிறகு இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும்.

நான் சொல்வதைக் கேள். அந்த மலையில் இனி உனக்கு என்ன இருக்கிறது? மூட்டையைக் கட்டிக்கொண்டு வா. கடையில் பாதியை உன் பெயருக்கு எழுதுகிறேன். வக்கீலிடம் பேசிவிட்டேன். பன்னிரண்டு வண்டியையும் நீ கொடுத்ததைவிட அதிக விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டையும். உடைந்ததும் சேர்த்துத்தான்.

நீ இங்கே வந்து உட்கார்ந்தால் ஹெப்சிபாவும் மெல்ல இறங்கி வருவாள். பெண்பிள்ளைக் கோபம் எத்தனை நாளைக்கு? நான் பேசுகிறேன்.

என் உடம்பு பரவாயில்லை. உன் அண்ணிக்கு முட்டிவலி. உடனே பதில் போடு.

அண்ணன்


இராயபுரம்
22.10.2025

தம்பிக்கு,

ஆறு வாரமாகிறது. பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அங்கிருக்கும் போஸ்ட் மாஸ்டருக்கு ஒரு கார்டு போட்டேன். "ஆள் நலம், கடிதம் சேர்ந்தது" என்று இரண்டு வார்த்தை வந்தது.

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். மலை வண்டி ஓட்டுகிறவராம், உன்னைத் தெரியுமாம். "உங்க தம்பிய பார்த்துட்டு வர்றேன் சார். தினம் காலையில கூடைய எடுத்துகினு அந்த இறக்கத்துல கல் பொறுக்குறாரு. நாலாவது வளைவுல ஆரம்பிச்சி ஏழாவது வரைக்கும். மறுநாள் மழை பெய்ஞ்சா மேலேருந்து திரும்ப உருண்டு வந்துடுது. திரும்பப் பொறுக்குறாரு. யாரு கேட்டாலும் பேச மாட்டேன்றாரு" என்றார்.

ஜெரி, கல் பொறுக்காதே.

இதைச் சொல்லத்தான் எழுதினேன். வேறு எழுத வரவில்லை. நானே புறப்பட்டு வரலாம் என்று கோயம்பேடு வரைக்கும் போனேன். திருவண்ணாமலை பஸ் எதிரிலேயே நின்றது. ஏறவில்லை, திரும்பிவிட்டேன்.

அண்ணன்


வேங்கைமரத்தூர்
3.11.2025

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு முதுகில் பிடிப்பு, மற்றபடி ஒன்றும் இல்லை.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். காசிமேட்டில் என் பையனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பீர்கள். இங்கே கோயில் இல்லை. ஏழாவது வளைவில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கடையில் பாதி எனக்கு வேண்டாம்.

கல் பொறுக்குவது கல்தான் காரணம் என்று நினைத்து இல்லை. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது. கல்லின் மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். பத்து வருஷத்தில் அந்த இறக்கத்தில் எத்தனையோ பேர் விழுந்திருக்கிறார்கள். முட்டி தேய்ந்தது, தோள் இறங்கியது. ஒருத்தரும் சாகவில்லை.

ஹெப்சிபாவுக்கு நான்கு கடிதம் போட்டேன். போன வாரம்தான் ஒரு பதில் வந்தது. ஒரே வரி. "அந்த வழியில ஏன் அனுப்ச்ச?" அவ்வளவுதான், கையெழுத்துக்கூட இல்லை.

அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.

அண்ணிக்கு முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்.

ஜெரி


இராயபுரம்
12.11.2025

ஜெரி,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக எழுதுகிறேன்.

ஜனவரியில் ஏலத்தில் எடுத்த லாட் அது. கண்டெய்னரில் சைக்கிளோடு கிரானைட் பலகையும் வந்திருந்தது. கப்பலில் பலகை சரிந்து ஓரத்தில் இருந்த வண்டிகள் மேல் சாய்ந்திருக்கிறது. மலை வண்டி மொத்தம் பதினான்கு. இரண்டு நசுங்கிப் போயிருந்தன, பழைய இரும்போடு போட்டுவிட்டேன். மீதியில் பதினொன்று நன்றாக இருந்தது. ஒன்றில் முன் ஃபோர்க்கின் வலது காலில் விரல் நீளத்துக்குக் கீறல். இரும்பு இல்லை, கார்பன் ஃபோர்க்.

நான் தட்டிப் பார்த்தேன். தட்டிப் பார்க்காமல் இருப்பேனா? இடது காலில் டொக் என்றது. வலது காலில் சப் என்றது.

பெயிண்டர் ஹுமாயூன் பக்கத்தில் நின்றிருந்தான். உன்னோடு பத்து வருஷம் வேலை செய்தவன், அவன் வாய் உனக்குத் தெரியும். "மொதலாளி, உள்ள இன்னாவோ கீது. இத்த வுட்ரலாம்" என்றான்.

"பிளாஸ்டிக்குடா அது. இரும்பு மாரி பாடுமா? பட்டி வச்சி தேச்சி அடி."

"ஒரு காலு மட்டும் ஏன் மொதலாளி பாடல?"

"தம்பி கிட்ட பன்னெண்டுன்னு சொல்லிட்டேன்."

"பதினொன்னு அனுப்சா இன்னா, தம்பி உன்ன ஸ்டேசன்ல குட்த்துடுவாரா?"

"ஸ்டானிஸ்லாஸ் கடையில எண்ணிக்க கொறஞ்சிச்சின்னு எவனாச்சும் சொல்லிக்கிறானாடா இதுவரிக்கும்?"

அவன் கீறலை மூடிப் பட்டி வைத்தான், உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தான், கறுப்பு அடித்தான், மேலே வார்னிஷ். அந்த ஒன்று மட்டும் பளபளத்தது. அதனால்தான் ஃப்ரெடி அதை எடுத்தான் என்று நீ எழுதியதைப் படித்த அன்றைக்கு நான் கடையைத் திறக்கவில்லை.

இரும்பில் கீறல் என்றால் எனக்குத் தெரியும். வெல்டு வைக்கலாமா, தூக்கிப் போடலாமா என்று இருட்டிலேயே சொல்வேன். கார்பன் எனக்குத் தெரியாத சரக்கு. தெரியாத சரக்கைத் தெரிந்த மாதிரி விற்றேன். அந்நியனுக்கு விற்றிருந்தால்கூட இத்தனை தைரியமாக அனுப்பியிருக்க மாட்டேன், திரும்ப வந்து சட்டையைப் பிடிப்பான் என்று பயந்திருப்பேன். தம்பிதானே, ஏதாவது என்றால் சொல்வான் என்றிருந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு மறுநாளே ஹுமாயூன் வேலையை விட்டு நின்றுவிட்டான். இப்போது பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஆட்டோ பட்டறையில் இருக்கிறான். அவன் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வண்டியை ஏன் கேட்டேன் என்று உனக்கு இப்போது தெரியும். வந்திருந்தால் அன்றைக்கே அறுத்து உலைக்குப் போயிருக்கும்.

நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

ஸ்டானிஸ்லாஸ்


வேங்கைமரத்தூர்
24.11.2025

அண்ணே,

முதல் நாளே எனக்குத் தெரியும்.

பிள்ளையைத் தூக்கி ஜீப்பில் ஏற்றிய பிறகு வண்டியை எடுக்கப் போனேன். உடைந்த இடத்தில் கறுப்புக்கு அடியில் வெள்ளையாகப் பட்டி. ஹுமாயூன் தேய்க்கிற தேய்ப்பு எனக்குத் தெரியாதா, பக்கத்தில் நின்று கற்றவன்தானே நானும்? மண்ணை அள்ளி அதன் மேல் பூசினேன். ஏட்டு வந்தபோது பட்டி தெரியவில்லை.

ஏன் பூசினேன் என்று ஐந்து மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் கிரேனுக்கு அடியில் போன பிறகு எனக்குச் சோறு போட்டவன் நீ. அது ஒன்றுதான் அப்போது நினைவுக்கு வந்தது. பெற்ற பிள்ளை ஜீப்பில் கிடக்கிறான், எனக்கு உன் சோறு நினைவுக்கு வந்தது.

பிறகு நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். அடக்கத்தன்று சொல்வாய் என்று பார்த்தேன். நீ பந்தல்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாய். கடிதத்தில் சொல்வாய் என்று பார்த்தேன். நீ வண்டியைத் திருப்பிக் கேட்டாய்.

இப்போது சொல்லிவிட்டாய். எனக்குப் போதும். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. ஹெப்சிபாவிடம் போ. அவள் அம்மா, தம்பி எல்லோரும் இருக்கும்போது போ. கையில் மீன் கொண்டு போகாதே. நான் மண் பூசியதையும் சேர்த்துச் சொல். மன்னிப்புக் கேட்காதே, அது அவளுக்கு இன்னொரு வேலை. அவள் என்ன கேட்டாலும் சரி என்று சொல். சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் எனக்கு எழுது.

அவள் திரும்பி வருவாளா என்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ஜெரி


இராயபுரம்
8.12.2025

தம்பி ஜெரிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுத முடியாது.

நேற்று ஞாயிறு பூசை முடிந்ததும் போனேன். அவள் அம்மா, தம்பி இரண்டு பேரும் இருந்தார்கள். ஹெப்சிபா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஏலத்திலிருந்து ஆரம்பித்து பெயிண்ட் வரைக்கும். மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"தட்னப்பவே தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிதும்மா."

"தெரிஞ்சி அட்ச்சியா?"

"அடிச்சேன்."

"எண்ணிக்கைக்காவ."

"ஆமா."

"என் புள்ளய எண்ணிக்கைல சேத்துகினியா மாமா நீ?"

பிறகு அவள் கேட்டாள், "அவருக்கு எப்போ தெரியும்?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. போன மாதம்தான் தெரியும் என்று சொல்லியிருந்தால் நீ கொஞ்சம் தப்பியிருப்பாய். நீ குறைக்காமல் சொல்லச் சொன்னாய். முதல் நாளே தெரியும், மண் பூசி மறைத்தான் என்று சொன்னேன்.

அப்போதுதான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் சிரித்தாள், ஜெரி.

"ஆறு மாசமா அந்த மனுசன கொலகாரன் கொலகாரன்னு திட்டிகினு கீறேன். அவரு மலையில குந்திகினு வாங்கிகினு கீறாரு. நீ வாரத்துக்கு ரெண்டு வாட்டி மீனு வாங்கியாந்துகினு கீற. நான் கொழம்பு வச்சி துன்னுகினு கீறேன். பெயிண்டருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாது."

"ஜெரி மேல தப்பில்லம்மா. அவன் ரூட்டு மேலயும் தப்பில்ல. அவன் கிட்ட போயிடு. உன் கால்ல வுழுறேன்."

"வுழாத, எழுப்பறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல." பிறகு மெதுவாகச் சொன்னாள், "ரூட்டு மேல தப்புன்னு நெனச்சிகினு இருந்தப்போ கூட, ஒரு நாளு அவரு வந்து வாசல்ல நின்னா இன்னா பண்றதுன்னு யோசிச்சிகினுதான் இருந்தேன் மாமா. இப்போ யோசிக்க ஒண்ணும் இல்ல. அண்ணன காப்பாத்த பொண்டாட்டிய தள்ளினாரு. அண்ணனோடயே இருக்கட்டும்."

வர மாட்டாள், ஜெரி. நீ கேட்டதற்கு அதுதான் பதில். நான் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். வியாபாரத்தில் எதிராளி முகத்தைப் பார்த்தால் இன்னும் இறங்குவானா, மாட்டானா என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் முகத்தில் இறங்குவதற்கு ஒன்றும் மீதி இல்லை.

பிறகு அவள் கேட்டவற்றுக்கெல்லாம் சரி என்றேன். ஒன்றையும் குறைத்துக் கேட்கவில்லை. அவள் தம்பி ஒரு தாளில் எழுதிக்கொண்டான், நான் கையெழுத்துப் போட்டேன். உன் பங்கும் அதில் இருக்கிறது, உன்னைக் கேட்காமலே உனக்காகவும் ஒத்துக்கொண்டேன்.

பேசி முடிந்தது இது. ஃப்ரெடி சறுக்கி விழவில்லை, ஃபோர்க் உடைந்து விழுந்தான் என்று நீ முன்பு எழுதிக் கொடுத்த அதே ஸ்டேஷனில் நாம் இரண்டு பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியை மண்ணைக் கழுவி நீ கொண்டு வர வேண்டும், பட்டி தெரிய வேண்டும். அதன் பிறகு என்ன வழக்குப் போட்டாலும் வக்கீல் வைத்துக்கொண்டு இழுக்கக் கூடாது. சைக்கிள் என்ற சரக்கை நான் இனித் தொடக் கூடாது. உன்னிடம் இருக்கும் பதினொன்றையும் ஹுமாயூன் வந்து பார்ப்பான், அவன் வேண்டாம் என்பதை அங்கேயே அறுத்துவிட வேண்டும், மீதியை விலை வாங்காமல் அந்த மலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். நீ அவளுக்குக் கடிதம் போடக் கூடாது. கல்லறைக்கு நான் போகக் கூடாது. நீ போகலாம், ஞாயிற்றுக்கிழமை தவிர. ஞாயிறு அவளுடையது. ஸ்டேஷனுக்கு நாம் போக வேண்டியது ஜனவரி ஐந்து, திங்கட்கிழமை, காலை பத்து மணி.